தபால் பெட்டியின் மேல் குந்திய பறவை

டோர்ட்மண்ட்,
ஞாயிற்றுக்கிழமை, மாசி மாதம்

அன்புள்ள மகள் கவிசாவுக்கு,

நாங்கள் இங்கே சுகம், நீ அங்கே சுகமா என்றுதான் தொடங்க வேண்டும். முதல் பாதியை எழுதிவிட்டேன். இரண்டாவது பாதியைக் கேட்க மனமில்லை, ஏனென்றால் நீ சுகம் என்றுதான் சொல்வாய். போனில் எழுதினால் ஒரு இதயப் படத்தை அனுப்பிவிட்டு நீ உன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாய், அதனால்தான் கடிதம். அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் குறைந்திருக்கிறது, முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, எலும்பு டாக்டரைப் பார்க்கிற நாள், டெர்மின், வைகாசிக்குத்தான் கிடைத்தது. தம்பி சுலக்சன் ஆஹென் யூனிவர்சிட்டியில் பரீட்சை முடித்து வந்து மூன்று நாள் தின்பதும் படுப்பதுமாக இருந்துவிட்டுப் போனான். அவனிலும் எனக்குக் கோபம்தான், அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் எழுத வந்தது உன்னுடைய பறவைப் படங்களைப் பற்றி. நீ பிரிஸ்பேனுக்குப் போன இந்த நாலு வருடத்தில் வீட்டைவிட்டு நூறு அடி தள்ளிப் போகாமல், குசினி ஜன்னலாலும் காருக்குள் ஒளிந்திருந்தும் எடுத்த படங்கள் என் போனில் முந்நூறுக்கு மேல் கிடக்கின்றன. பச்சையும் சிவப்புமாகக் கிளிகள், சைக்கிளில் போகிறவர்களின் தலையில் கொத்த வருகிற கறுப்பு வெள்ளைப் பறவை, காய்ந்த கொப்பு மாதிரி அசையாமல் இருக்கிற அந்த அகன்ற வாய்ப் பறவை. அதை நான் ஆந்தை என்று நினைத்துப் பயந்துபோய் உன் பெயருக்குக் கோயிலில் அர்ச்சனை செய்வித்தேன். அது ஆந்தையே இல்லை என்று நீ சிரித்தாய், ஆனால் செய்வித்தது நல்லதுதான் என்று இப்போது நினைக்கிறேன். பறவையின் கண் கூர்மையாக விழுந்தால் போதும், பின்னால் இருப்பதெல்லாம் மங்கிப்போக வேண்டும், அதுதான் நல்ல படம் என்று எனக்குப் படிப்பித்தாய். நானும் கண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா எப்படி இருக்கிறீங்கள் என்று நீ கேட்பது குறைந்து, அதற்குப் பதிலாக ஒரு கிளி வரத் தொடங்கியபோதுகூட, பிள்ளைக்கு வேலை கூட என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசியில் அந்தக் கூக்கபராப் பறவையின் படத்தை அனுப்பினாய். பெரிய தலையும் மண்வெட்டி மாதிரிச் சொண்டுமாக உன் வீட்டுத் தபால் பெட்டியின் மேல் குந்தியிருந்து எங்களையே பார்த்தது. அது பெட்டியிலேயே குந்தியிருந்ததால் பெட்டியும் மங்காமல் விழுந்துவிட்டது, நீ கவனிக்கவில்லை. அங்கே யாரும் பெட்டியில் பெயர் ஒட்டுவதில்லை, வீட்டு எண் மட்டும்தான், நீதான் ஜெர்மன்காரி மாதிரிப் பெயர் ஒட்டி வைத்திருப்பதாக அயல் சனம் சிரிக்கிறது என்று போன வருடத்திலேயே சொன்னாய். இங்கே பெயர் இல்லாத பெட்டிக்குக் கடிதம் வராது என்று சின்ன வயதில் பழக்கிவிட்டது நான்தானே. அந்தப் படத்தில் பெட்டியில் இருந்தது உன் புருஷன் சேயோனின் பெயர் இல்லை, அப்பாவின் பெயர். ஸ்ரீஸ்கந்தராஜா என்று ஆங்கிலத்தில் நீளமாக எழுதி, இடம் போதாமல் கடைசி எழுத்துகள் வளைந்து கீழே இறங்கியிருந்தன.

கண்ணாடியைப் போட்டு அதை வாசித்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். கலியாணம் கட்டியும் பிள்ளை தகப்பனின் பெயரை விடவில்லை என்று நினைத்தேன். அப்பாவுக்குக் காட்டினேன், அவர் எழும்பி முகம் கழுவப் போய்விட்டார். இந்த நாட்டில் ஒரு அரசாங்கக் கந்தோரிலாவது ஒழுங்காகச் சொல்லப்படாத தன் பெயர் அவுஸ்திரேலியாவில் ஒரு வாசலில் நிற்கிறது என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம், அவ்வளவு புழுகம். உடனே நான் அந்தப் படத்தை முகப்பில் போட்டு, உன் மற்றப் பறவைகளையும் சேர்த்துக் கலெண்டர் அடித்து, பொங்கல் விழாவில் இருபது வீட்டுக்குக் கொடுத்தேன். கொடுத்ததோடு நிற்காமல், பெட்டியைப் பாருங்கோ, பெயரைப் பாருங்கோ என்று ஒவ்வொருவருக்கும் விரலால் தொட்டுக் காட்டினேன். இருபது வீட்டுக் குசினியில் உன் விஷயம் தொங்குகிறது. ஆணியடித்துக் கொடுக்காத குறை.

அடுத்த கிழமை ஜெயமலர் வந்தாள், அந்த ஹரிப்ரியாவின் தாய். தேத்தண்ணி குடித்து முடித்தாள். போகும்போது வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "என்ர பிள்ளையும் புருஷனைப் பிரிஞ்சு வந்து முதல் மாத்தினது பெட்டியில பேரைத்தான் அக்கா. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீங்களும் இனி அந்தப் படத்தை ஆருக்கும் காட்டாதேங்கோ" என்றாள். நான் சிரித்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். பிறகு வெகுநேரம் அந்தச் சப்பாத்து வைக்கிற தட்டையே பிடித்துக்கொண்டு நின்றேன்.

தம்பியைக் கேட்டேன். நீ பிரிந்தது அவனுக்கு ஆவணியிலேயே தெரியுமாம். அது அக்காவின் பிரிவாட்சாக்கே, தன் சொந்த விஷயத்தை அவளே சொல்லட்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தான். பெற்ற எனக்குச் சொந்தமில்லாத விஷயம் அவனுக்குச் சொந்தமாம். நீ சேயோனைப் பிரிந்ததற்கு நான் அழவில்லை, பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் அழுதேன், ஆனால் அதைவிடக் கசப்பது நீ எனக்கு மட்டும் பறவை காட்டியதுதான். ஆறு மாதமாக நீ தனியாகச் சமைத்துத் தனியாகத் தின்றிருக்கிறாய், நான் இங்கே கிளியின் நிறம் வடிவு என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று உன்னைத் திட்டத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். எழுத எழுத எனக்கே காரணம் ஞாபகம் வருகிறது. முந்தின கோடையில் நீ வந்து நின்றபோதுதான் ஹரிப்ரியா புருஷனை விட்டுத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு, "ஒரு வருஷம் பொறுக்க ஏலாதவள். தாயின்ர வளர்ப்பு அப்பிடி" என்று சொன்னேன். நீ கமராவைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போனாய், அங்கே ஒரு சின்ன மஞ்சள் குருவியை நெடுநேரம் படம் எடுத்தாய். பிள்ளைக்கு எந்த நேரமும் குருவிப் பைத்தியம் என்று நான் பின்னால் நின்று பகிடி பண்ணினேன். கமராவை முகத்தில் வைத்திருந்தால் முகம் தெரியாது என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. அப்போதே உனக்குள் என்னவோ இருந்திருக்கிறது. நான் சொன்ன சொல்லை ஜெயமலர் கேட்கவில்லை, நீ கேட்டாய். என் வாயைத்தான் நான் அடிக்க வேண்டும்.

இப்போது பிரச்சினை அப்பா. அவர் கலெண்டரின் முகப்பை வெட்டிச் சட்டம் போட்டு டிவிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். ஆனியில் பிரிஸ்பேனுக்கு வர டிக்கெட் பார்க்கச் சொல்லித் தம்பியை நச்சரிக்கிறார். மருமகனுக்கு என்று ஒரு தடித்த ஜாக்கெட்டும் வாங்கி வைத்துவிட்டார். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் அவர் நிற்க, நீ படம் எடுக்க வேண்டுமாம். ஜெயமலர் சொன்னதை நான் அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் படத்தைக் கழற்றிவிடுவார், அதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவர் உன்னில் கோபிப்பார் என்று நினைக்காதே. தன்மேல் உள்ள பாசத்தில் மகள் பெட்டியில் ஒட்டிய பெயர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாரே, அதற்காகத்தான் வெட்கப்படுவார்.

நேரத்துக்குச் சாப்பிடு. கதவைப் பூட்டிப் படு. ஜெயமலரிடம் போய் நான் மன்னிப்புக் கேட்பேன், அது என் வேலை. உன் வேலை ஒன்றுதான். வருகிற ஞாயிறு இங்கே காலை பத்து மணிக்கு, உனக்கு மாலை ஏழு, அப்பாவின் போனுக்கு எடு. நீ வைத்திருப்பது அவருடைய பெயர், ஏன் வைத்தாய் என்று அவருக்கு நீதான் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் படம் ஒன்றும் அனுப்பாதே பிள்ளை, எவ்வளவு வடிவான பறவை வந்து இருந்தாலும். முருகன் உன்னைத் தனியே விடாமல் காக்கட்டும்.

உன்னை இந்த வாயால் கலைத்த,
அம்மா
சந்திரகாந்தி ஸ்ரீஸ்கந்தராஜா