மங்கில் முன்பே கிடந்த கொட்டைகள்

சிலிபின், ஈப்போ
12.11.1984

அன்பு மகள் எல்ஸிக்கு அப்பா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் உன் அம்மா ரோசரியும் சுகம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் சுகமாயிருக்க தினமும் செபமாலையில் கேட்டுக்கொள்கிறோம். அம்மாவுக்கு முட்டிவலிதான் விட்டபாடில்லை, தைலம் தேய்த்துவிட்டால் நாறுகிறது என்று என்னைத் திட்டுகிறாள்.

உன் கடிதம் கிடைத்தது. ஒரு வரியில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணச் சொன்ன முதல் கணக்கிலேயே தோற்றுவிட்டேன், நாலு வரவேண்டிய இடத்தில் கம்ப்யூட்டர் நானூறு காட்டுகிறது, படிப்பை விட்டுவிட்டு கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. எழுபதாம் வருசம் பீடோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது புதுச் சாமியாரை வரவேற்கத் துணியில் ஒட்டுவதற்கு ஜிகினாத் தாளில் எழுத்து வெட்டினோமே, ஞாபகமிருக்கிறதா? எந்த எழுத்து எத்தனை வேண்டும் என்று தெரிய, அம்மா மரத்தில் பால் பிடிக்கும் மங்குகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் சாக்கட்டியால் ஒரு எழுத்து எழுதினாள். நான் வரியை ஒரே தடவை மெதுவாகப் படித்தேன், நான் சொன்ன எழுத்தின் மங்கில் அவள் ஒரு ரப்பர் கொட்டை போட்டாள். பிறகு கொட்டையை எண்ணி வெட்டினோம். நாலு 'ர' வேண்டிய இடத்தில் பதினொன்று! சாமியார் வரும் நேரம், தாளும் தீர்ந்துபோச்சு, என்னா இது, நாலு வரைக்கும் எண்ணத் தெரியாதா ஒனக்கு என்று அம்மாவைப் பார்த்துக் கத்திவிட்டேன். பார்த்தால், நீ விளையாடிய ஏழு கொட்டை அந்த மங்கில் முன்பே கிடந்திருக்கிறது. பால் எடுத்ததும் மங்கைக் கவிழ்த்து வைப்பது நம் பழக்கம், அதனால் காலியாகத்தான் இருக்கும் என்று இரண்டு பேருமே உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. மிஞ்சிய ஏழு 'ர'வையும் கவுனில் ஒட்டிக்கொண்டு நீ லயத்து வீடெல்லாம் சுற்றினாய், அம்மா கோபத்தை மறந்து விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த மாதிரி ஒரு நாள் இனி எங்கே வரப்போகிறது. உன் மிஷினிலும் எண்ணத் தொடங்கும் முன் பழைய எண் ஏதும் கிடக்கிறதா பார். தப்பாயிருந்தால் அப்பாவுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிடு.

இன்னொன்று சொல்லவேண்டும், அம்மாவிடம் சொல்லிவிடாதே. நீ படிப்பை விடப்போகிறாய் என்று அவள் அழுதாள். நான் உன் மெத்தையைத் தூக்கிப்போய் வெயிலில் காயப் போட்டேன். துக்கமே வரவில்லை, பிள்ளை வருகிறாள் என்ற சந்தோசம்தான் வந்தது, வெட்கமாயிருக்கிறது. ஆகையால் இந்த விசயத்தில் என்னிடம் யோசனை கேட்காதே மகளே. நான் வா என்றுதான் சொல்வேன்.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
சூசைநாதன்