மிளகாய் பூசிய ஸ்கேன் படம்

கோவை, 9.7.1996

அன்பு அம்மாவுக்கு பிரான்சிஸ் எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

நேற்று எங்கள் ஸ்கேன் சென்டருக்கு ஆனைமலைக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். குடல் புற்றுநோய் ஈரலுக்கும் பரவியவர். மருந்து கேட்கிறதா என்று பார்க்க, பழைய படத்தையும் புதிய படத்தையும் வைத்துக் கட்டியை அளப்போம். பழைய படத்தைத் தொட்ட டாக்டர் கண்ணைக் கசக்கினார். பொலபொலவென்று கண்ணீர்!

"ஏனுங்க, அவ்வளவுதானுங்களா?" என்று அந்தம்மா பதறினார்.

"இல்லீங்க, கட்டி பாதியாயிருச்சுங்க! படத்துல என்னங்க பூசுனீங்க?"

"மிளகாய்ங்க."

கேடு செய்தவரைத் தண்டிக்கச் சொல்லி மாசாணியம்மன் கோயில் கல்லில் மிளகாய் அரைத்துப் பூசுவது இங்கே வழக்கம். இந்தம்மா கட்டியின் படத்துக்கும் பூசியிருக்கிறார்.

"புதுப் படத்தையும் குடுங்க. பாக்கிப் பாதி இருக்குதல்லங்க!" என்று அந்தம்மா கை நீட்டினார்.

டியூட்டிக்கு நேரமாயிற்று. கருவாடு அனுப்பு, முழங்கால் வலி விட்டால் நீயே கொண்டு வா. படத்தைத் துடைத்தது நான்தான். இதை எழுதும்போதும் கண் கலங்குகிறது. மிளகாய்தான், வேறொன்றுமில்லை.

உன் மகன்,
பிரான்சிஸ்