அக்கா போட்ட பதினேழு வட்டங்கள்

என் அக்காவுக்கு,

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. அன்று நீ பொய் சொல்கிறாய் என்றேன். நீ பொய் சொல்லவில்லை. அது எனக்குத் தெரிவதற்கு நீ போய் ஏழு மாதம் ஆகிவிட்டது.

போன வருஷம் மாசியில் மச்சானின் கொல்லைக்காட்டுக்கு வானம் பார்க்கப் போனோமே, அந்த மாலை. எனக்கு ஷிப்ட் இருந்ததால், பார்க்க வேண்டியவற்றை வான்வரைபடத்தில் குறித்து வைக்கும் வேலையை உன்னிடம் விட்டிருந்தேன். நாம் இருக்கும் விராலிமலையில் ஹைவே வெளிச்சம், வானம் பார்க்க ஆகாதென்று அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி, கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் உட்கார்ந்து, அப்புறம்தான் வரைபடத்தை விரித்தேன். கையில் நானே செய்த சிவப்பு எல்.இ.டி. விளக்கு. சிவப்பு என்றால் இருட்டுக்குப் பழகிய கண் கெடாது. வழியெல்லாம் உங்கள் இரண்டு பேருக்கும் இதைத்தான் பாடம் எடுத்திருந்தேன்.

வரைபடத்தில் ஒரு குறியும் இல்லை.

"போட்டேன்டா தம்பி. ரெண்டு நாளு ஒக்காந்து போட்டேன்."

"எங்க போட்ட? காட்டு. செய்யலைன்னா செய்யலைன்னு சொல்லு, பொய் சொல்லாத."

மச்சான் சிரித்தார். "டியூஷன் புள்ளைகளுக்கு இவ போடுற மார்க்கும் இப்படித்தான் மாப்ள, கண்ணுக்கே தெரியாது."

நீ தாளை வாங்கி முகத்தருகே வைத்துப் பார்த்தாய். திருப்பிக்கூடப் பார்த்தாய். பிறகு வண்டிப் பக்கம் போய் நின்றுகொண்டாய். உனக்கே உன்மேல் சந்தேகம் வந்துவிட்டதா? வரைபடத்தை அன்றே சுருட்டி உள்ளே போட்டவன் நான்; பகல் வெளிச்சத்தில் ஒருமுறைகூட விரித்துப் பார்க்கவில்லை.

ஆவணியில் காய்ச்சலென்று திருச்சிக்குக் கொண்டுபோனோம்; நீ திரும்பவில்லை. நடுவில் ஆறு மாதம் இருந்தது. அந்தப் பேச்சை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

போன வாரம் வேறு விளக்கு தேர்ந்தெடுக்க உட்கார்ந்தேன். அறையை இருட்டாக்கிய பிறகே அந்த வரைபடத்தை விரித்து, அதன் மேல் ஒவ்வொரு விளக்காகப் பிடித்துப் பார்த்தேன். சிவப்பில் வெறும் தாள். மங்கலான மஞ்சளில் பதினேழு வட்டங்கள். நீ நோட்டு திருத்தும் சிவப்புப் பேனா. சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளைத் தாளும் சிவப்பு மையும் ஒரே நிறம். எலக்ட்ரானிக்ஸ் படித்தவனுக்கு இது தெரிய வேண்டாமா?

ஒரு வட்டத்தின் பக்கத்தில் 'தம்பிகிட்ட கேக்கணும்' என்று எழுதியிருக்கிறாய். என்ன கேட்க நினைத்தாய்?

மச்சானிடம் போனில் சொன்னேன். "நானும்ல சேந்து சிரிச்சேன்," என்றார். பிறகு, "எங்கிட்ட சொல்லி என்ன செய்ய மாப்ள? அவகிட்ட சொல்லு."

சொல்லிவிட்டேன் அக்கா. மஞ்சள் விளக்கையே வைத்துக்கொண்டேன். கண் கொஞ்சம் கெடும், கெடட்டும். இனி யாராவது 'செஞ்சேன்' என்று சொன்னால், இல்லையென்று வாயைத் திறக்கும் முன் வெளிச்சத்தை மாற்றிப் பார்ப்பேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் அவசரக்குடுக்கைத் தம்பி