சிவப்புக் கோடு போட்ட போல்ட்

மாப்ள,

உன் டூல் பாக்ஸை உன் வீட்டுக்காரி நேற்று கொண்டுவந்து கொடுத்தாள். "அவரு சாமான உங்களத் தவிர யாரு தொடுவா, வச்சுக்கங்கண்ணே" என்றாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் அழுகை நிற்கவில்லை அவளுக்கு. இன்று காலை நம் நாகல் நகர் ஷெட்டில் வைத்துத் திறந்தேன். பழைய ஆயில் வாடை குப்பென்று அடித்தது. உன் வாடையும் அதுதான். ஸ்பேனர்களுக்கு அடியில் ஒரு துணி முடிச்சு. அவிழ்த்தால், எஞ்சின் ஆயிலை வடிக்கக் கழற்றும் ஒரு டிரெயின் போல்ட். தலையில் பாதிச் சிவப்புக் கோடு.

அந்தக் கோடு என்னுடையது. என் வீட்டுக்காரியின் நெயில் பாலிஷ். காருக்கு ஆயில் மாற்றி, அடியில் இந்த போல்ட்டை முறுக்கி முடித்ததும், அதன் தலையிலிருந்து ஆயில் நிற்கும் சம்ப் தொட்டி வரைக்கும் ஒரு கோடு இழுப்பேன். போல்ட் அசைந்தால் கோடு காட்டிக்கொடுத்துவிடும். புது வாஷர் போட்டு, முதலில் விரலாலேயே மரை ஏற்றி, பிறகு ஸ்பேனரில் பிடித்து, போல்ட் உட்கார்ந்ததும் கால் சுற்று. அதற்கு மேல் ஒரு நூல்கூடத் திருப்ப மாட்டேன். "போல்ட்ட முறுக்குறியா, தாலி கட்டுறியா?" என்று நீ சிரிப்பாய்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வெள்ளைக் கார். அடியில் போல்ட் என் வேலை, மேலே ஆயில் ஃபில்டர் உன் வேலை. வத்தலக்குண்டு தாண்டி மலையேறும்போது ஆயில் மொத்தமும் கொட்டி எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது. வண்டியை இழுத்துவரப் போனவன் நீ. வந்து, முதலாளி முன்னால் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாய்: "போல்ட்டக் காணோம் மொதலாளி, ரோட்டுல எங்கயோ கழண்டு விழுந்துருச்சு. தெரியாமப் பண்ணிட்டான், விட்ருங்க."

எனக்காகப் பரிந்து பேசுகிறாய் என்று உன் தோளில் சாய்ந்து அழுதேன். அந்த நன்றிக்குத்தான், தாய்மாமன் இல்லாத என் மகளை உன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினேன்.

ரோட்டில் விழுந்த போல்ட் உன் பெட்டிக்குள் எப்படிடா வந்தது?

கூடவே இரண்டு ரப்பர் வளையங்கள், ஒன்றோடொன்று ஒட்டிப்போய். ஒன்று பழசு, ஒன்று புதுசு. பழைய ஃபில்டரின் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்காமல், அதன் மேலேயே புதுசை மாட்டியிருக்கிறாய். ஆயில் அந்த வழியாகத்தான் பீறிட்டிருக்கிறது. சரி, கைத்தவறு, எவனுக்கும் நடக்கும். ஆனால் மலைரோட்டில் வண்டிக்கு அடியில் படுத்து, என் போல்ட் அசையாமல் இருந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதைக் கழற்றிப் பைக்குள் போட்டாயே, அது துரோகம் மாப்ள. பச்சைத் துரோகம்.

"இனிமே நீ எஞ்சின்ல கை வைக்காத" என்றார் முதலாளி. ஒரு வருஷம் டயர் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். திரும்ப எஞ்சின் வேலைக்கு வந்த பிறகு, ஒவ்வொரு போல்ட்டையும் மூன்று தடவை போய்ப் பார்ப்பேன். நீ பக்கத்து வண்டியிலிருந்து சத்தம் போடுவாய்: "ஏலே, பூட்டுன கதவ எத்தன வாட்டிடா இழுத்துப் பாப்ப? வா, டீ ஆறுது." எப்படி மனசு வந்தது உனக்கு?

இந்த முடிச்சை ஏன் தூக்கி எறியாமல் வைத்திருந்தாய்? சொல்ல நினைத்தாயா? ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "செத்த நேரம் இரு மாப்ள" என்றாய். சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். நீ வாயைத் திறக்கவே இல்லை.

உன் வீட்டுக்காரியிடம் சொல்ல மாட்டேன், அவள் பாவம். முதலாளியும் போய்ச் சேர்ந்துவிட்டார். என் வேலை சுத்தம் என்று இனி நான் யாரிடம் போய்ச் சொல்வது?

மத்தியானம் ஒரு காருக்கு ஆயில் மாற்றினேன். விரலால் ஏற்றி, ஸ்பேனரில் பிடித்து, கால் சுற்று. கோடும் போட்டேன். சரியாகத்தான் இருந்தது. அன்றைக்கும் சரியாகத்தான் இருந்திருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். எழுந்து கையைத் துடைத்தேன். வண்டிக்காரர் சாவியைப் போடப் போனார்.

"செத்த நேரம் இருங்க சார்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் அடியில் போய்ப் படுத்தேன்.