அத்தைக்கு ஒரு படம்

முருகா துணை.

ஈசுவர வருஷம், தை 20, புதன்

விடியலில் பனி. போட்ட கோலம் ஈரத்தில் மங்கிவிட்டது. மிளகாய் இன்று காயாது. பெரிய பசு பாலை மறைக்கிறது; கன்று அருகில் நின்றால்தான் விடுகிறது.

வம்சப் புஸ்தகத்துக்குப் படம் சேர்ந்த விவரம், இன்று வரை:

மாமனார் – 1. உயிர் போன பிறகு நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து எடுத்தது. மூடிய கண்ணுக்கு மேல் படக்காரர் மையால் கண் எழுதிவிட்டார். எந்தப் பக்கம் நின்றாலும் நம்மையே பார்க்கிறார்.

பெரிய மாமனார் – 1. சைக்கிளைப் பிடித்தபடி. அவருக்குச் சைக்கிள் விடத் தெரியாது. சைக்கிள் படக்காரருடையது.

கல்யாணக் கும்பல் படம் – 1. ஒரு மூலை கரையான் தின்றுவிட்டது. அங்கே நின்றது யார் என்று ஆளுக்கொரு பேர் சொல்கிறார்கள்.

சின்னவர் வக்கீல் பரீட்சை தேறியபோது – 3. மூன்றிலும் கோட்டு.

அத்தை, என் மாமியார் – இல்லை.

புஸ்தகம் போடுவது கொழுந்தனார் சின்னவர். சேலத்தில் பெரிய வக்கீலாக இருந்து என்ன, பங்காளி வீட்டுப் பெண்கள் அவரிடம் ஒரு படமும் கொடுப்பதில்லை. வக்கீல் கேட்டால் கோர்ட்டுக்கோ என்று பயம். அதனால் வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கி, பின்பக்கம் பேரெழுதித் துணியில் சுற்றி வைப்பது என் பாடு. ஆறு பேரைப் போட்டால் பத்துப் பேருக்குக் கோபம்.

அத்தையைத்தான் எங்கும் காணோம். படப்பெட்டியைக் கண்டால் மாட்டுக் கொட்டகைக்குள் போய் ஒளிந்துகொள்வார். தன் நிழலை எவனோ பெட்டியில் அடைத்து எடுத்துப் போவதா என்பார். அவர் நினைத்தபடியே நடந்துவிட்டது. நிழலும் இல்லை, ஆளும் இல்லை.

தை 22, வெள்ளி

விளக்கு துலக்கினேன். திரி தீர்ந்தது, வாங்க வேண்டும்.

இரவு உண்ணச் சின்னவர் வந்தார். சேலத்துப் படக்காரர் ஒரு வழி சொன்னாராம். அத்தை ஜாடையில் இருப்பவர் யாரையாவது அத்தை புடவையில் உட்கார வைத்துப் படம் எடுப்பது. நரையையும் சுருக்கத்தையும் அவர் தூரிகையால் சேர்த்துவிடுவார். பெரிய வீடுகளில் இது சகஜமாம்.

அண்ணியே உட்காரட்டுமே என்றார் சின்னவர். சாப்பிட உட்கார்ந்ததிலிருந்து வாய் திறக்காத என் வீட்டுக்காரர் அப்போது திறந்தார்: "அவளுக்குப் பல்லு எடுப்பு." சொல்லிவிட்டு ரசம் கேட்டார். ஊற்றினேன். ஊற்றாமல் என்ன செய்ய.

அத்தை முகம் அப்படியே யாரிடம் இருக்கிறது என்று மூவருக்கும் தெரியும். அதே நெற்றி, அதே மேலுதடு, சிரிப்பை அடக்கினால் இடது கன்னத்தில் மட்டும் விழும் அதே குழி. நான்தான் சொன்னேன், எடப்பாடி நங்கையா என்று. இவர் கை சோற்றில் நின்றது.

நங்கையா, என் நாத்தனார், இவருக்கு அக்கா. அத்தை போன அன்று எடப்பாடிக்கு ஆள் போயிற்று. ஐப்பசி மாதம், வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் நெருக்கினார்கள். தலைமகன் இவர்தான் சொல்ல வேண்டும். எடுங்கள் என்றார். நங்கையா வண்டி வாசலுக்கு வந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈர வாசலைப் பார்த்தார். வண்டியிலிருந்து இறங்கவில்லை. மாட்டைத் திருப்பச் சொன்னார். மழையும் அன்று வரவில்லை.

அதற்குப் பிறகு இந்த வாசலை மிதித்ததில்லை. இவரும் போனதில்லை. நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் நான் மட்டும் போய் வருகிறேன்.

தை 25, திங்கள்

எடப்பாடி போய் வந்தேன். இவரிடம் எடப்பாடி என்று மட்டும் சொன்னேன். எதற்கு என்று கேட்கவில்லை.

கொண்டுபோனது: வெற்றிலை பாக்கு, வாழைப்பழம் ஒரு சீப்பு, பருப்புப் பூரணம் வைத்த ஒப்பிட்டு. ஊருக்குள் நுழைந்ததும் தறிச் சத்தம், மாடு மிரண்டது.

நங்கையா கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். கொள்ளு கடைந்திருந்தார். போதும் என்று இலையை மறைத்தால் விரல் மேலேயே சோற்றை வைக்கிறார். அதுவும் அத்தை வழக்கம். உண்டு கை கழுவிய பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் வீட்டுக்காரர், எனக்கு அண்ணன் முறை, முதலில் சிரித்தார். "அட, உசுரோட இருக்கறவ படத்துக்கு மாலையப் போட்டு ஊதுவத்தியும் ஏத்தி வெச்சுட்டீங்கன்னா, நான் ரெண்டாந்தாரத்துக்குப் பொண்ணுப் பாக்கத் தோதாப் போச்சு."

"ஆரு குடுப்பா உங்களுக்கு" என்றார் நங்கையா. அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"எங்கம்மா மொகத்தக் கடைசியா ஒருக்காப் பாக்க எனக்குக் குடுத்து வெக்கல. இப்ப என்ற மொகத்தக் கேட்டு உன்னைய அனுப்பிச்சானா?"

யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன் என்றேன். கொஞ்ச நேரம் பாக்கு வெட்டினார். அந்தப் புஸ்தகத்தில் தன் பேர் உண்டா என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. மகன்கள் பேரும் வாழ வந்த மருமகள்கள் பேரும்தான். கட்டிக்கொடுத்த பெண்கள் பேர் வம்ச வரிசையில் வருவதில்லை என்றேன். நேற்று வந்த என் பேர் இருக்கிறது, அங்கே பிறந்த அவர் பேர் இல்லை. சொல்லும்போதே எனக்குக் கூச்சம்.

"என்ற பேரு உங்களுக்கு வேண்டாம். மொகம் மட்டும் வேணும்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

கிளம்பும்போது பூசணிக்காயும் தட்டைப்பயறும் வண்டியில் ஏற்றினார். காதோரம் வந்து, "அவன் வந்து கேக்கட்டும் அம்மிணி. அவன் வாயில வரட்டும்" என்றார்.

தை 27, புதன்

நேற்று கிருத்திகைக்குச் சேமித்த நெய்யில் எறும்பு. வடிகட்டினேன்.

நங்கையா சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் இவரிடம் சொன்னேன். கயிறு திரித்துக்கொண்டிருந்தார். திரித்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் கயிற்றை மாட்டிவிட்டுக் களத்துக்குப் போய்விட்டார்.

சின்னவர் ஆள் அனுப்பியிருக்கிறார், அச்சுக்கூடத்தில் அவசரப்படுத்துகிறார்களாம். அத்தை படம் இல்லாவிட்டால் மாமனார் படத்துக்குப் பக்கத்தில் ஒரு குத்துவிளக்குப் படம் போட்டுவிடலாமாம்.

குத்துவிளக்கு. ஏழு பெற்று மூன்றை வளர்த்தவருக்கு.

பூஜையில் மனம் நிற்கவில்லை. பதிகத்தில் ஒரே வரியை இரண்டு தரம் படித்தேன்.

மாசி 1, சனி

கருப்பணாருக்கு நேர்ந்த கிடாய்க்கு மேச்சேரி போய் நல்லதாகப் பிடித்து வருகிறேன் என்று கோழி கூப்பிட இவர் வண்டி கட்டினார். இங்கே பக்கத்துப் பட்டியிலேயே கிடாய் நிற்கிறது. கட்டுச்சோறு கட்டிக்கொடுத்தேன். மேச்சேரிக்குப் போகிற வழியில்தான் எடப்பாடி.

வெளுத்த வேட்டி கட்டிப் போனார். கிடாய் பிடிக்கப் போகிறவர்.

மாசி 2, ஞாயிறு

பொழுது சாய வண்டி வந்தது. கிடாய் இல்லை. நங்கையா இறங்கினார்.

வாசலில் இறங்கி ஒரு நிமிஷம் கீழே பார்த்தார். காய்ந்த வாசல். காலையில் போட்ட கோலம். பிறகு நடந்து வந்தார். எதிர்வீட்டார் எட்டிப் பார்த்து, மேச்சேரிக் கிடாய் எங்கே என்று இவரைக் கேட்டார்கள். விலை படியவில்லை என்றார். நங்கையா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அங்கே என்ன நடந்தது என்று இவர் சொல்ல மாட்டார். பாத்திரம் விளக்கும்போது நங்கையா சொன்னார்:

"வந்தான். 'வா'ன்னேன். நின்னான். மாட்டுக்குத் தண்ணி காட்டுனான். திரும்ப வந்து நின்னான். 'மழைக்குப் பயந்துட்டேன்க்கா'ன்னான். 'நெனைஞ்சா நெனைஞ்சுட்டுப் போகட்டும்னு நிறுத்திருக்கோணும்'ன்னான். அப்பறம் படம் கிடம் ஒண்ணும் கேக்கவே இல்ல அம்மிணி. நானேதான், வண்டியத் திருப்புடா, போலாம்னேன்."

இருவரும் விளக்கிய பாத்திரத்தையே மறுபடி விளக்கிக்கொண்டிருந்தோம்.

மாசி 4, செவ்வாய்

நல்ல வெயில். படக்காரர் சேலத்திலிருந்து பெட்டியோடு வந்தார், சின்னவரும். வாசலில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி முன்னால் நாற்காலி. கோழிகளைக் கூடையால் மூடினேன்.

மாமனார் இருந்த காலத்துக் கோலம்தான் வேண்டும் என்று இவர் முன்பே சொல்லிவிட்டார். நங்கையாவை வெள்ளைப் புடவையில் உட்கார வைக்க யாருக்கு மனம் வரும்? பெட்டியிலிருந்து அத்தையின் அரக்குப் புடவையை எடுத்தேன். வேப்பிலை உதிர்ந்தது. நங்கையா அதை மோந்து பார்த்தார். பின்கொசுவம் வைத்து அத்தை கட்டுகிற மாதிரியே கட்டிக்கொண்டார். நான் உதவ வேண்டியிருக்கவில்லை.

இவர் வெளியே கட்டிலில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். நங்கையா நிலைப்படியில் தலை குனிந்து வெளியே வந்தார். இவர் எழுந்து நின்றுவிட்டார். வெற்றிலை கீழே. உட்காரவே இல்லை பிறகு.

முதல் படம் சரியாக விழுந்தது. நங்கையா சிலை மாதிரி இருந்தார். இன்னொன்றும் எடுத்து வைக்கிறேன், அசையக் கூடாது என்று படக்காரர் கறுப்புத் துணிக்குள் போனார். இவர் அவருக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் நின்றார். மூடியை எடுத்த நேரம் நங்கையாவின் பார்வை அங்கே போயிற்று.

"இன்னும் சோறு உங்கலையா சாமி?"

அத்தையின் குரல். பேசியது நங்கையா. படக்காரர் துணியை விலக்கித் தலையில் அடித்துக்கொண்டார், முகம் அசைந்துவிட்டது, தகடு வீண் என்று. இவர், "உண்டுட்டேன்" என்றார். உண்ணவில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இல்லை.

வீணானதையும் கழுவிக் கொண்டுவாருங்கள் என்று படக்காரரிடம் இவரே சொன்னார்.

மாசி 14, வெள்ளி

வெயில் ஏறிவிட்டது. மிளகாய் ஒரே நாளில் சலசலக்கிறது. சிவராத்திரிக்கு வீடு மெழுகியாயிற்று. நங்கையா நேற்றே வந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை, தானாக.

மதியம் சின்னவர் படங்களோடு வந்தார். முதல் படம் கண்ணாடி மாதிரி தெளிவு. நரை, சுருக்கம் எல்லாம் எழுதி, பொட்டுக்குக் கொஞ்சம் சிவப்பும் வைத்து. எல்லோரும் பார்த்தோம். யாருக்கும் அத்தை ஞாபகம் வரவில்லை. நரைத்த நங்கையாதான் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவதில் தூரிகை வைக்கவில்லை. முகம் கலங்கிய தண்ணீரில் தெரிகிற மாதிரி. வாய் பாதி திறந்து, இடது கன்னத்தில் குழி. இவர் வாங்கினார். சாளரத்துப் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். வெகுநேரம் முதுகைக் காட்டியே நின்றார்.

"இதுதான் அம்மா" என்றார்.

சின்னவருக்கு ஒப்பவில்லை. கலங்கிய படத்தை அச்சில் போட்டால் ஊர் சிரிக்கும் என்றார். தெளிந்த படத்தை எடுத்து, இதன் கீழ் அம்மா பேர் என்று ஆரம்பித்தார். நங்கையா அதைக் கையிலிருந்து வாங்கினார்.

"இது நானு. போடறதுன்னா என்ற பேரப் போடு. இல்லீன்னா குடு, நான் கொண்டுபோயி என்ற ஊட்டுல மாட்டிக்கறேன்."

வழக்கம் இல்லையே, ஒரு பெண்ணைப் போட்டால் எல்லா வீட்டுப் பெண்களையும் போட வேண்டி வருமே என்றார் சின்னவர். இவர் படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "போட்டுட்டுப் போ."

அவ்வளவுதான் விவகாரம். கலங்கிய படம் அத்தை. தெளிந்த படத்துக்கு நங்கையாவின் பேர்: செல்லம்மாள், மகள். இரண்டின் பின்பக்கமும் எழுதிவிட்டேன். சின்னவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காப்பி குடித்தார். இரண்டு டம்ளர். எனக்கு வேலை மறுபடி தொடங்குகிறது. கட்டிக்கொடுத்த பெண்கள் எந்தெந்த ஊரில், யார் யாரிடம் படம் உண்டு, கேட்க வேண்டும்.

அத்தை படத்தை இவரே ஆணியடித்து மாட்டினார், மாமனாருக்குப் பக்கத்தில்.

விளக்கு வைக்கிற நேரம். அத்தைக்கென்று காலையிலேயே கனகாம்பரமும் மருக்கொழுந்தும் சேர்த்துச் சரம் கட்டி வைத்திருந்தேன். எடுத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் போய் நின்றேன். கை மேலே போகவில்லை. உயிரோடு இருக்கிறவர் முகம். அத்தைக்குப் போடாமலிருக்கவும் மனமில்லை. இவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

நங்கையா அடுப்படியில் ஒப்பிட்டு தட்டிக்கொண்டிருந்தார், இரண்டு கையிலும் மாவு. பின்னால் போய்த் தலையில் வைத்துவிட்டேன்.

"ஆருக்குக் கட்டுனது அம்மிணி?"

உங்களுக்குத்தான் என்றேன்.

"முழுசுமா?"

முழுசும்தான் என்றேன். திரும்பிப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. இடது கன்னத்தில் குழி.