வரிசையிலிருந்து நான் விலக்கியவருக்கு

அக்கா,

மாமல்லபுரத்துக்குத் தெற்கே உங்கள் குப்பத்துப் பள்ளிக்கூடத்துக்கு இன்று சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அந்த ஈர வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு வேலை ஓடவில்லை. இரண்டாவது தேர்தல் வருகிறது. இந்த முறையும் வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் வருகிறார்களாம். ஏற்பாடு பார்க்க செங்கல்பட்டிலிருந்து என்னைத்தான் அனுப்பியிருக்கிறார்கள். போன முறை நன்றாகச் செய்தேனாம்.

முதல் தேர்தலுக்குப் பட்டியல் எழுத வந்தபோது குப்பத்தில் ஒரு பெண்ணும் தன் பெயரைச் சொல்லவில்லை. இன்னார் பெண்சாதி, இன்னார் தாயார், அவ்வளவுதான். பெயர் இல்லாவிட்டால் ஓட்டு கிடையாது என்றேன். நீங்கள்தான் மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு முதலில் வாய் திறந்தீர்கள்.

"எழுதிக்கோ நைனா. எங்கம்மா வெச்ச பேரு. சொன்னா இன்னா, தேஞ்சா பூடும்?"

உங்களைப் பார்த்து இன்னும் பதினோரு பேர் சொன்னார்கள்.

பிறகு உத்தரவு வந்தது. வெள்ளைக்காரன் போனபின் இவர்கள் தங்களைத் தாங்களே ஆளுவார்களா என்று உலகமே பார்க்கப் போகிறது, படத்தில் எல்லாம் லட்சணமாக இருக்க வேண்டும் என்றார்கள். சிற்பம் பார்க்க வரும் பத்திரிகைக்காரர்கள் அப்படியே இந்தப் பள்ளிக்கூடத்து ஓட்டுச்சாவடியையும் பார்ப்பதாகத் திட்டம். பந்தல் போட்டோம், நாற்காலியும் சோடாவும் வைத்தோம். வரிசையின் முன்னால் கோயில் தெருப் பெண்கள் பட்டுப்புடவையில் நிற்க வேண்டும் என்றும் எழுதிவைத்தோம்.

ஓட்டு நாளன்று நீங்கள் பன்னிரண்டு பேரும் வியாபாரத்தை விட்டுவிட்டு விடியலிலேயே வந்து முதலில் நின்றீர்கள். மேலதிகாரி என்னைப் பார்த்தார். நான் உங்களிடம் வந்தேன்.

"அக்கா, படம் புடிச்சிகினு போவட்டும். அதுவரைக்கும் அந்த சவுக்கு நெழல்ல குந்துங்க. நானே கூப்புடறேன்."

முந்தானையை ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொண்டு போனீர்கள்.

பத்திரிகைக்காரர்களின் கார் காலையில் வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. இதோ வந்துவிடும் என்று உங்களைக் கூப்பிடாமலே வைத்திருந்தேன். சாயங்காலம் வந்தது. நான் சோடா உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது முடிவு மணி அடித்துவிட்டார்கள். மணி அடிக்கும்போது வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் ஓட்டுப் போடலாம். அதுதான் சட்டம். நீங்கள் வரிசையில் இல்லை.

"இன்னா நைனா, மறந்துட்டியா?" என்றுதான் கேட்டீர்கள்.

மறக்கவில்லை அக்கா. மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை. உங்களை மறைத்துவைத்தேன்.

இந்த முறை உத்தரவு வேறு. மீன்காரப் பெண்கள்தான் முன்னால் நிற்க வேண்டுமாம், படத்துக்கு அதுதான் எடுப்பாம். உங்களைத் தேடிக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். போன மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டீர்கள் என்றார்கள். மற்ற பதினோரு பேரும் வரமாட்டார்களாம். "நெழல்ல குந்தறதுக்கு வூட்லயே எடம் கீது" என்று ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டாள்.

பழைய பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஓட்டுப் போட்டவர்கள் பெயருக்கு அடியில் கோடு இருக்கிறது. உங்கள் பெயருக்கு அடியில் ஒன்றுமில்லை. புதுப் பட்டியலில் இறந்தவர்கள் பெயரை அடிப்பதும் என் வேலைதான். உங்கள் பெயருக்குக் குறுக்கே என் கையாலேயே கோடு போட்டேன்.

நானே கூப்பிடுகிறேன் என்றேனே, அந்தப் பெயர் இன்னும் என் வாயிலேயே நிற்கிறது அக்கா. கூப்பிட்டால் எழுந்து வர நீங்கள் இல்லை.