கை காட்டிய இடம்

இன்று காலை அம்மா ஒரு பழைய வாயில் துணிப் புடவைக்கு வீட்டிலேயே சாயம் போட்டாள். வெந்நீரில் உப்பும் சாயப்பொடியும் கரைந்த வாசனை கூடம் வரை வந்தது. மிச்சத் தண்ணீரை அவள் கொட்டப் போனபோது, "இன்னும் சாயம் இருக்கும்மா" என்று என்னை அறியாமல் சொன்னேன். அது உன் பேச்சு.

ஊருக்கெல்லாம் புடவைக்குச் சாயம் போடும் உன் வீட்டில் ஒரு அண்டாச் சாயத்தை லேசில் விடமாட்டீர்கள். முதலில் நல்ல நிறம் கேட்டவர்களின் புடவை, அடுத்து லேசாகப் போதும் என்றவர்களுடையது, கடைசியில் உன் பாவாடை. தண்ணீர் தெளிந்த பிறகுதான் ஆற்றங்கரையில் ஊற்றுவீர்கள். வெளிறிய பாவாடை என்று வகுப்பில் கேலி செய்தால், "ஊரு பொடவையெல்லாம் குடிச்ச மீதிடி இது" என்று நீயே சிரிப்பாய்.

பள்ளிக் கண்காட்சிக்கு அடையாற்றைப் பற்றி நான் கட்டுரை எழுதினேன், வரைபடத்தோடு. நூலகத்தில் மூன்று புத்தகங்கள் படித்திருந்தேன். உங்கள் குடிசைகளுக்குக் கீழே ஆறு சிவப்பாக ஓடியதைப் பார்த்திருந்தேன். நீங்கள் சாயம் போடுகிறவர்கள். ஆற்றைச் சிவப்பாக்குவது நீங்கள்தான் என்று எழுத எனக்கு அது போதுமானதாக இருந்தது. நீ படத்தைப் பார்த்துவிட்டு, "அது எங்க தண்ணி இல்லடி. மேல போனா பெரிய கொழாய் ஒண்ணு கீது. வா, காட்டுறேன்" என்றாய். மறுநாள் கண்காட்சி. படத்தில் பாதிக்கு இன்னும் வண்ணம் தீட்டவில்லை. அப்புறம் வருகிறேன் என்றேன்.

விருந்தினராக வந்த அதிகாரி என் படத்தின் முன் நின்று, இது எந்த இடம் என்று கேட்டார். சன்னலுக்கு வெளியே, உங்கள் குடிசைகள் இருந்த பக்கம் கை நீட்டிக் காட்டினேன். எல்லாரும் கை தட்டினார்கள். இரண்டாவது வரிசையில் நின்றிருந்த நீ, வெளியே வந்ததும், "நல்லா பேசின" என்றாய். அதைக் குத்தலாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு மாதத்தில் லாரிகள் வந்தன. உங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். என் கட்டுரையால்தானா, எப்படியும் நடந்திருக்குமா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தனியாகக் கரையோரம் மேலே நடந்து போனேன். குழாய் இருந்தது, சிவப்பாகக் கொட்டிக்கொண்டு. நீங்கள் போன பிறகும் ஆறு சிவப்பாகத்தான் ஓடியது.

சென்ற வாரம் உன் அம்மா வந்தார். எப்போதோ நாங்கள் சாயத்துக்குக் கொடுத்திருந்த அந்த வாயில் புடவையைச் சாயம் போடாமலே மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அங்கே குடிக்கவே தண்ணீர் இல்லையாம். உன்னைப் பற்றிக் கேட்டேன். "மழைல காய்ச்சல் வந்துச்சு கண்ணு. போய்ட்டா."

கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீர் வசதி கேட்டு ஒரு மனு எழுதித் தரச் சொன்னார். "நீ நல்லா எழுதுவேன்னு சொல்லிக்கினே இருப்பா."

எழுதினேன். எத்தனை வீடு, கிணறு எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, படித்துக் காட்டி, அவர் தலையசைத்த பிறகே அடுத்த வரிக்குப் போனேன். அவர் கட்டைவிரலில் மை தடவியபோது, கை காட்டியது நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவர் என் தலையைத் தடவி, "நீ நல்லா இருக்கணும்" என்றார்.

நான் சொல்லவில்லை. நீ குழாயைப் பற்றிச் சொன்ன பிறகும் கை காட்டினேன் என்று உனக்கு மட்டும் தெரிந்த அது இன்னும் என்னிடமே இருக்கிறது. மனுவுக்கு என்ன பதில் வந்தது என்று சொல்ல அவர் மறுபடி வருவார். நான்தான் கதவைத் திறக்க வேண்டும்.